தொங்கிப் பார்த்து வாங்குவது

எங்கள் தெருவில் அவனை அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். வாலிப வயதில் மரம் ஏறிய வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். இப்போது புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிடும். வயிறு அவனுக்கு ஒரு எட்டு முன்னால் நடக்கிறது. ஆனாலும் கயிற்றைப் பிடித்து அடிமரத்தில் காலை வைத்துவிட்டானென்றால் சிரித்தவன் வாயை மூடிக்கொள்வான். கூரை மேலும் மின்கம்பி மேலும் சாய்ந்து நிற்கிற மரங்களை உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கீழே ஒரு பூந்தொட்டிகூட உடையாமல் இறக்குவது அவன் தொழில். கீழே நின்று அவன் கயிற்றைப் பிடிப்பது அவன் மனைவி.

நான் அடுத்த வீடு. வண்டிகளுக்கு சீட் தைக்கிறவன். என் தையல் கூடத்துக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். ஒட்டுக்கேட்கிற ஆள் என்று என்னை நினைக்க வேண்டாம். மிஷினை நிறுத்தினால் அவர்கள் பேச்சு முழுசாகக் காதில் விழும், ஓட்டினால் பாதி விழும், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் என்னை அண்ணே என்பாள். அதனால் அவனுக்கு நான் மச்சானாகிவிட்டேன். அந்த உரிமையில் என் கத்தரிக்கோலைக் கேட்காமல் எடுத்துப்போவான், கேட்டாலும் திருப்பித் தரமாட்டான்.

மழை விட்டும் விடாமலும் நசநசத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் பின்வாசல் வழியாக வந்தாள். தோளில் அவனுடைய பெல்ட் தொங்கியது. மரம் ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற பெல்ட். இடுப்புக்கு அகலமாக ஒரு பட்டை, தொடைக்கு ஒன்றாக இரண்டு பட்டை, முன்னால் கயிறு கோக்கிற வளையம், பக்கவாட்டில் ரம்பத்தை மாட்டுகிற கொக்கி. மரப்பிசினும் வியர்வையும் மிஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை அதோடு சேர்ந்தே உள்ளே வந்தது.

"வேலையா இருக்கீங்களாண்ணே?"

"வேலை இருந்தா மிஷின் ஓடுமே. உக்காரு."

உட்காரவில்லை. பெல்ட்டை என் மேஜையில் போட்டாள்.

"இதுல இன்னும் கொஞ்சம் ஸ்பாஞ்ச் வெக்க முடியுமா?"

போன வருஷம் நானே தொடைக்குக் கீழே தனியாக ஒரு மெத்தை தைத்துக் கட்டிக் கொடுத்திருந்தேன். பெல்ட்டின் சொந்தத் தையலில் மட்டும் ஊசி படக்கூடாது. ஒரு உயிரைத் தாங்குகிற தையல் அது, நம் கெட்டிக்காரத்தனத்தை அங்கே காட்டக்கூடாது. என் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தேன். அட்டை மாதிரி தட்டையாகிக் கிடந்தது.

"எங்க இறுக்குதாம்?"

"தொடையிலங்கறாரு. கேட்டா இடுப்புலங்கறாரு. நாளைக்குக் கேட்டா வேற இடம் சொல்வாரு."

"ஒரு நாளைக்கு ஒரு இடம் வலிச்சா அது பெல்ட்டோட கோளாறு இல்லையேம்மா."

வெடுக்கென்று என்னைப் பார்த்தாள். வாய் சும்மா இருக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கையுறை போட்டும் கயிறு இழுத்த தடம் சிவப்பாகக் கன்றியிருந்தது.

"என்னம்மா இது?"

"அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி யூகலிப்டஸ் அறுத்தோம்ல? மேல போயிட்டாரு. பாதி கிளை எறக்கியாச்சு. ஒரு கவட்டையிலேருந்து இன்னொண்ணுக்கு இடது காலத் தூக்கி வெச்சாரு. வெக்கலண்ணே. கவட்டை இந்தப் பக்கம் இருக்கு, கால் காத்துல இருக்கு. வெச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டு ஒடம்ப அதுமேல போட்டுட்டாரு."

"ஐயய்யோ."

"கயிறு பிடிச்சிருச்சு. நானும் பிடிச்சுட்டேன். ஊஞ்சல் மாதிரி போயி அடிமரத்துல தோள இடிச்சுக்கிட்டாரு. அதெல்லாம் இந்தத் தொழில்ல நடக்கறதுதான். வழுக்காத ஆளு யாரு? ஆனா வழுக்கினா கயிறு முன்னாடியே சொல்லிடும்ணே. கால் பதறும், கை பதறும், அந்தப் பதற்றம் கயித்துல எறங்கி என் கைக்கு வந்துடும். அன்னிக்கு ஒண்ணுமே வரல. அமைதியா இருந்துச்சு, சட்டுனு மொத்தக் கனமும் வந்து விழுந்துச்சு. கால் வெக்கலன்னு அவருக்கே தெரியல."

வெளியே தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நான் பெல்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்வது.

"அவரு என்ன சொல்றாரு?"

"பெல்ட்டு தொடைய நெரிச்சு ரத்தம் எறங்கலையாம். அதனால கால் மரத்துப்போச்சாம். 'மரத்துல ஏறுறவனுக்குக் கால் மரத்துத்தானே போகும்'னு ஜோக் வேற. இத மட்டும் நூறு தடவ சொல்லிட்டாரு."

"ரத்தத்துல சர்க்கரை பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அணிலுக்கு ஒரு அண்ணன் இருந்தார். லாரி ஓட்டியவர். சர்க்கரை இருந்தும் பார்க்காமல் விட்டார். ஒரு நாள் காலில் ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. அதற்கு மேல் எடுக்க அவர் இருக்கவில்லை. அந்த வீட்டில் அவர் படம் மாட்டியிருக்கிறது, இடுப்புவரைக்கும்தான்.

"வரமாட்டேங்கறாருண்ணே. பெல்ட்ட மாத்தினா சரியாயிடும்கறாரு. சரி, மாத்திடுவோம்னு நானும் முடிவு பண்ணிட்டேன். நல்ல பெல்ட்டா வாங்கி மாட்டி விட்டுட்டா பழி போடறதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல? அப்பவும் மரத்துப்போச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துதானே ஆகணும்?" தொங்கிய பட்டை ஒன்றை மேஜைமேல் எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆனா உண்மையச் சொல்றேன், பெல்ட்டாவே இருந்துடட்டும்னுதான் தெனமும் வேண்டிக்கறேன். அந்த ஆளுக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்க? கீழ நிக்க வெச்சா அவரு ஆளே இல்ல."

*

அன்று சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பஞ்சாயத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும் போனேன், தனிக்கட்டைக்குச் சுடுசோறு கிடைத்தால் பஞ்சாயத்து என்ன பெரிய கஷ்டம். சின்னச் சமையலறை. சுவரோரம் சுருட்டி வைத்த கயிறுகள், கதவுக்குப் பின்னால் இரண்டு ஹெல்மெட், ஜன்னல் கம்பியில் காயப்போட்ட கையுறைகள். சமைக்கிற பாத்திரத்தைவிட மரத்துச் சாமான்தான் அங்கே அதிகம். முட்டை வறுவல், உருளைக்கிழங்குக் குழம்பு. அணிலுக்கு மட்டும் சோற்றைக் குறைத்து வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான், பானையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டான்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. அந்தப் பெல்ட்டோட வயசு என்ன? சீட்டு ரெக்சின் கிழிஞ்சா வண்டிய டாக்டர்கிட்டயா கூட்டிட்டுப் போவாங்க?"

"சீட்டுல உக்கார்றவனுக்கு முதுகு வலிச்சா ரெண்டையும் பாக்கத்தான் வேணும் மாப்ள."

"பாருடி, உங்க அண்ணன் ரெண்டு பக்கமும் தையல் போடறாரு."

"சிரிச்சுக்கிட்டே இருங்க," என்றாள் அவள். "திங்கட்கிழமை அந்தப் பைன் மரத்துக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க. மூணு வீட்டுக்கு நடுவுல நிக்குது. எவனும் தொடமாட்டேன்னு சொன்ன மரம். அதுல போயி கால் எங்க இருக்குன்னு தெரியாம நிக்கப்போறீங்களா?"

"அதுக்குத்தான் புது பெல்ட்டு வாங்கிட்டு ஏறலாம்கறேன்."

"பெல்ட்டு மாத்தியும் மரத்துச்சுன்னா?"

"மரத்துல ஏறுறவனுக்கு..."

"அத சொன்னீங்கன்னா தட்டத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்."

அவன் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பெரிய கைகள், விரல் நுனியெல்லாம் பிசின் கறுப்பு. பிறகு குனிந்தபடியே, "ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவோம்," என்றான். "மச்சான், நீங்களும் வாங்க. உக்கார்ற விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்."

"நீங்க வரத்தான் வேணும்ணே," என்றாள் அவள். "இவரு எதப் போட்டாலும் நல்லாருக்குன்னுடுவாரு. வேட்டி எடுக்கப் போனாலே அப்படித்தான்."

நல்லாருக்கு, பரவாயில்லை, ஒண்ணுமில்லை. இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம். எனக்கும் அந்த வித்தை தெரியும் என்பதால் அவனைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

*

கடை ஊரின் கோடியில், ரயில்வே கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. மரம் ஏறி அறுக்கிறவர்கள் மட்டும் வருகிற கடை. ஒரு சுவர் முழுக்க ரம்பம், ஒரு சுவர் முழுக்கக் கயிறு. பின்பக்கம் உயரமான கொட்டகை. அதன் குறுக்கே தடித்த உத்தரம், உத்தரத்தில் கப்பி, கப்பியிலிருந்து தரைக்கு ஒரு கயிறு. கடையைப் பார்த்துக்கொண்டவள் ஒரு இளம்பெண். முடியை உச்சியில் முடிந்து பென்சில் சொருகியிருந்தாள்.

அணில் போன வேகத்தில், "இதே நம்பர்ல ஒண்ணு குடும்மா," என்று பழைய பெல்ட்டை நீட்டினான்.

அவள் அதன் அளவுச் சீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"இது யாரு பெல்ட் சார்?"

"என்னுதுதான்."

"உங்களுக்கு வாங்கினதா?"

"மூணாவது பெல்ட்டு இது," என்றாள் அவன் மனைவி. "ஆனா நம்பர் மட்டும் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின அதே நம்பர். ஒவ்வொரு தடவயும் இப்படித்தான் 'அதே நம்பர் குடு'ன்னு வாங்கிட்டு வந்துடுவாரு."

கடைக்காரப் பெண் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். அளவு நாடாவை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றினாள். அணில் நெஞ்சை நிமிர்த்தினான்.

"மூச்ச விடுங்க சார்."

"விட்டுட்டேனே."

"இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு. அதையும் விடுங்க."

விட்டான். நாடா அவள் கையிலிருந்து நழுவியது. நான் திரும்பிக்கொண்டு ஒரு ஹெல்மெட்டை ஆராய்ந்தேன். அவன் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவன் ஒவ்வொரு முறையும் பெல்ட் வாங்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு மாட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வாங்கி வந்திருக்கிறான். பிறகு மரத்தின் மேல் போய்தான் வயிற்றை விட்டிருக்கிறான்.

"இதுதான் சார் விஷயம்," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு அளவு சின்னதுல தொங்கிட்டு இருந்திருக்கீங்க. தொடைப் பட்டையும் அப்படித்தான் நெரிச்சிருக்கும். எந்தக் கால்தான் மரத்துப்போகாது?"

அவன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது ஜெயித்த திமிர் இல்லை, தூக்குத்தண்டனை ரத்தான ஆளின் முகம் அது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப பெல்ட்டுதானா?" என்று கேட்டாள்.

"சரியான அளவு போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்க்கா. ஆனா நின்னுக்கிட்டு பாக்கக் கூடாது. தரையில நின்னா எல்லா பெல்ட்டும் நல்லாத்தான் இருக்கும். தொங்கிப் பாத்துத்தான் வாங்கணும்."

முதல் பெல்ட் லேசானது, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. மாட்டி, முன்வளையத்தில் கயிற்றைக் கோத்து, கப்பியில் அவனை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினாள். தொடைப் பட்டை கத்தி மாதிரி உள்ளே போனது. "நல்லாருக்கு," என்றான். "இறக்குங்க," என்றோம் நானும் அவன் மனைவியும். இரண்டாவதில் இடுப்புப் பட்டை ஏறி ஏறி விலா எலும்புக்குப் போய்விட்டது. "பரவாயில்ல," என்றான், மூச்சு முட்டிக்கொண்டு. கடைக்காரப் பெண் எங்களைக் கேட்காமலே இறக்கினாள்.

மூன்றாவது வேறு ஜாதி. இடுப்புக்கு ஒரு சாண் அகலத்தில் பட்டை, முதுகுப் பக்கம் வளைவாக வெட்டி மெத்தை வைத்திருந்தார்கள். தொடைக்கும் அதே அகலம், ஓரம் மடக்கித் தைத்தது. தையலை விரலால் தடவிப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. முன்வளையம் ஒரு சின்னக் கயிற்றில் இப்படியும் அப்படியும் நகர்ந்தது, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே போனது. இடுப்பு எலும்புக்கு மேலே பட்டை நிற்கிறதா, தொடைக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை போகிறதா என்று பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டாள். சங்கிலி கழற்றிய ரம்பம் ஒன்றைப் பக்கக் கொக்கியில் தொங்கவிட்டாள். மேலே ஏற்றினாள்.

அணில் பின்னால் சாய்ந்தான். இடப்பக்கம் எட்டி இல்லாத கிளையைப் பிடித்தான். வலப்பக்கம் திரும்பி இல்லாத மரத்தை அறுத்தான். பிறகு கையைத் தொங்கவிட்டு அப்படியே உட்கார்ந்தான். நான் சீட் தைத்துக் கொடுத்தால் வாடிக்கையாளரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவே மாட்டேன், அவர் அசைகிறாரா என்று பார்ப்பேன். அசையாமல் உட்கார்ந்திருந்தால் சீட் நன்றாக அமைந்துவிட்டது என்று அர்த்தம். அணில் அசையவில்லை.

"மச்சான்," என்றான் கடைசியில், "வீட்டு நாற்காலியே இப்படி இல்ல மச்சான்."

"எங்கயும் குத்தலையே? இடுப்புல?"

"இடுப்பு இருக்கறதே தெரியல."

"கொஞ்ச நேரம் அப்படியே இருங்க சார்," என்றாள் கடைக்காரப் பெண். "ஏறின உடனே ஒண்ணும் தெரியாது. நல்லாத் தொங்குங்க, அப்புறம் பேசுவோம்." முன்னால் யாரோ கூப்பிட, போனாள்.

அவன் மனைவி பையிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்தாள். தரையில் நின்றபடி நாங்களும், காற்றில் உட்கார்ந்தபடி அவனும் சாப்பிட்டோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் சண்டை போடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பைன் மரத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது, காற்று எந்தத் திசையில் இருக்கும், கிழக்கு வீட்டுக்காரரின் கண்ணாடிக் கூரைமேல் என்ன விரிப்பது என்று போனது பேச்சு.

"ரெண்டு அளவு சின்னதுல இத்தன வருஷம்," என்றாள் அவள். "ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், உங்க பேன்ட் பட்டன நான்தானே மாத்தித் தைக்கிறேன்."

"அணில்னு கூப்பிடறானுங்களேடி. அணிலுக்குப் பெரிய சைஸ் குடுன்னு எந்த வாயால கேக்கறது?"

அவள் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. போகிற வழியில் டீ வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன், அதுவே என் சந்தோஷத்துக்கு அத்தாட்சி.

சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "கால் எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

"மரத்துப்போகலையே?"

"சுத்தமா இல்ல."

அவள் ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள்.

"என்னடி பண்ற? கடைக்கு நடுவுல."

"ஆஸ்பத்திரியில உங்க அண்ணனுக்குப் பண்ணுவாங்களே, விரலத் தொட்டு. பாத்துட்டா எனக்கு நிம்மதியாப் போயிடும். மேல உத்தரத்தப் பாருங்க. எந்த விரலத் தொடறேன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் முகம் ஒரு கணம் மாறியது போல் இருந்தது. "பண்ணிக்க," என்று உத்தரத்தைப் பார்த்தான். அவன் குனிந்தாலும் வயிறும் அகலமான பட்டையும் மறைக்கும், பாதம் அவனுக்குத் தெரியாது.

வலது கால். ஒரு விரலால் மெல்லத் தொட்டாள்.

"சுண்டு விரல்."

"இப்ப?"

"கட்டை விரல். கூசுதுடி."

"இப்ப?"

"நடு விரல்."

எல்லாம் சரி. இடது காலுக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உருவினாள். கட்டை விரலைத் தொட்டாள்.

"கட்டை விரல்," என்றான், கொஞ்சம் தாமதித்து.

நான் பெருமூச்சு விட்டேன். அவளும் விட்டாள். ஆனால் அடுத்த விரலுக்குப் போகப்போன கை பாதி வழியில் நின்றது. ஏன் நிறுத்தினாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப?" என்று கேட்டாள்.

அவன் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுண்டு விரல்."

"இப்ப?"

"நடு விரல்."

"இப்ப?"

"மறுபடியும் கட்டை விரல். ஏமாத்தப் பாக்கறியா?" என்று சிரித்தான்.

அவள் கைகள் மடியிலேயே இருந்தன. உள்ளங்கையில் கயிற்றுத் தடம் இன்னும் ஆறவில்லை. எனக்கு அவனைப் பார்க்கவும் முடியவில்லை, அவளைப் பார்க்கவும் முடியவில்லை, கையில் இருந்த பாதி முட்டையை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

"எல்லாம் சரியாச் சொன்னேனா?"

அவன் உத்தரத்திலிருந்து பார்வையை இறக்கி முதலில் என்னைப் பார்த்தான். என் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"நான் தொடவே இல்லங்க," என்றாள் அவள்.

முன்கடையில் யாரோ ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார்கள். அது உறுமி அடங்கியது.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றான்.

"தோணுச்சா? அப்புறம் ஏன் சுண்டு விரல், நடு விரல்னு சொன்னீங்க?"

"பின்ன எப்படிச் சொல்றது? தொடலன்னு சொல்லி, நீ தொட்டுக்கிட்டு இருந்தேன்னா?" கைகள் இரண்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. "நீ தொடலையா, தொட்டும் எனக்குத் தெரியலையா? ரெண்டும் ஒரே மாதிரிதாண்டி இருக்கு. அதான் வாய்க்கு வந்த விரலச் சொன்னேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எப்பலேருந்து?"

"போன மழைக்கு முன்னாடிலேருந்து."

"தொங்கும்போது மட்டுமா?"

இல்லை என்று தலையாட்டினான். "நடக்கும்போதும்தான். இடது செருப்பு கழண்டு போனா எனக்குத் தெரியாது. பின்னாடி திரும்பிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

"இவ்வளவு நாளா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நடந்தீங்களா? நானும் கூடவேதானே நடந்தேன்."

"நீ பேசிக்கிட்டே வருவ," என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அவளோடு நடப்பதைப் பற்றிப் பிரியமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. "உங்க எல்லாருக்கும் முன்னாடி எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் இப்படித்தான் செருப்புலதான் ஆரம்பிச்சுச்சு. கடையில இந்தப் பொண்ணு அளவு தப்புன்னு சொன்னதும், அப்ப நிஜமாவே பெல்ட்டுதானோன்னு நானே நம்பிட்டேன். கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு."

அவள் எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். பேசியபோது குரல் மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிடுகிற குரல்தான், ஒரு நடுக்கமும் இல்லை.

"பைன் மரம் வேண்டாம். எந்த மரமும் வேண்டாம். இனிமே நான் கயிறு பிடிக்கமாட்டேன்."

"வேற ஆள் வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கங்க. காலப் பத்தி அவன்கிட்ட சொல்லிட்டு வெச்சுக்கங்க."

தன் கயிற்றைப் பிடிக்கிற ஆளிடம் பொய் சொல்லி மேலே போகிறவன் இல்லை அவன். இத்தனை மாதமும் அதைத்தான் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் உள்ளங்கைகளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி," என்றாள்.

"ம்."

"வெறும் வயித்தோட."

"சரின்னுட்டேனே."

கடைக்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கழற்றிய பூட்ஸும் சாக்ஸும் தரையில் கிடந்ததைப் பார்த்தாள்.

"என்ன சார், எங்கயாவது இறுக்குதா?"

"இல்லம்மா. எங்கயும் இறுக்கல."

"அப்ப இறக்கிடலாமா? இதையே எடுத்துக்கறீங்களா?"

அவன் மனைவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பட்டையின் ஓரத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினான்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா. இத்தன வருஷத்துல இப்பத்தான் ஒரு பெல்ட்டு சுகமா இருக்கு."

கடைக்காரப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, ரம்பத்தை மட்டும் அவன் இடுப்பிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டாள். கனம் குறைந்ததில் அவன் ஒரு பக்கமாக லேசாகச் சுழன்று நின்றான். அவன் மனைவி மறுபடி தரையில் உட்கார்ந்தாள். அவனுடைய இடது பாதத்தை எடுத்து இரண்டு கையாலும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டாள். நான் அங்கிருந்து நகர்ந்து கயிறுகள் தொங்கிய பக்கமாகப் போனேன். ஆனாலும் காதில் விழுந்தது.

"இப்ப தொட்டிருக்கியா?" என்று கேட்டான் அவன்.

"தொட்டிருக்கேன்."